டியூப் துணியின் எடை

அருள்புரம்
16-11-2003

அன்புள்ள தங்கச்சி நாகஜோதிக்கு,

அக்கா விஜயராணி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? நான் கொடுத்தனுப்பிய தைலத்தை அவள் தேய்க்கிறாளா, இல்லை யாராவது வந்து கேட்டார்கள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டாளா?

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் பனியன் கம்பெனியில் குவாலிட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையல் லைனாகப் போய் அளவு பார்க்கிற வேலை. அளவு தப்பினால் லைனையே நிறுத்தச் சொல்லலாம். நான் நாலு வருசமாகச் செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டுகிறேன். நின்று நின்று கால் நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்துவிட்டது. எனக்குப் பிறகு வந்தவளெல்லாம் டேப் போட்டுக்கொண்டு என்னை அதட்டுகிறாள். அதனால் மேனேஜர் குமாரவேல் சாரிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"தாராளமாத் தரலாமுங்க. டென்த் பாஸ்தானுங்களே?" என்றார்.

"கணக்கு மட்டும் பாக்கி கெடக்கு சார். மார்ச்சுல எழுதுதேன்."

"அப்ப எழுதீட்டு வாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு எடம் வச்சிருக்கறேன். சர்ட்டிபிகேட் இல்லாம, சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க, நான் என்னங்க பண்றது?"

ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் மண்ணைக் கவ்வினேன். மூன்றாவதும் போனால் படிப்பை மூட்டை கட்டு என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த இடமும் போய்விடும். டியூட்டோரியலுக்குப் போகலாம் என்றால் ஷிப்ட் இடிக்கிறது. நீயும் இந்த வருசம் பத்தாவது. கணக்கில் நூற்றுக்கு நூறு எடுப்பாய் என்று உங்கள் டீச்சரே அம்மாவிடம் சொன்னார்களாமே. வரைபடமெல்லாம் எனக்கு ஓரளவு வரும். இந்த வாக்கியக் கணக்குதான் உயிரை வாங்குகிறது. கதை மாதிரி ஆரம்பித்து, பாதியில் 'எனில்' என்று போட்டு, 'காண்க' என்று முடித்துவிடுகிறான். எதைக் காண்பது? நீதான் கடிதத்தில் சொல்லித்தர வேண்டும்.

அன்புடன்,
விஜயராணி

*

கழுகுமலை
25-11-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் அம்மாவிடம்தான் இருக்கிறது. நீ வருத்தப்படாதே.

சொல்லித்தருகிறேன். ஆனால் நான் சொல்கிறபடி செய்ய வேண்டும், குறுக்கே பேசக்கூடாது. முதலில் கணக்கைப் பார்த்துப் பயப்படுவதை விடு. எது தெரியவில்லையோ அதற்கு x என்று பெயர் வை. பிறகு கணக்கில் சொன்னதை அப்படியே x-ஐ வைத்து எழுது. அலகு வேறு வேறாக இருந்தால் முதல் வேலையாக ஒன்றாக மாற்று. அவ்வளவுதான் அக்கா. இதில் ஒன்றுமே இல்லை.

இரண்டு கணக்குத் தருகிறேன். (1) தந்தையின் வயது மகனின் வயதைப் போல நான்கு மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மூன்று மடங்கு எனில், இருவரின் இன்றைய வயதைக் காண்க. (2) ஒரு தொட்டியின் நீளம் 1.2 மீ, அகலம் 80 செ.மீ, ஆழம் 50 செ.மீ. அது எத்தனை லிட்டர் நீர் கொள்ளும்?

வழிமுறையோடு எழுதி அனுப்பு. வெறும் விடைக்கு மார்க் கிடையாது.

இப்படிக்கு,
நாகஜோதி

*

அருள்புரம்
7-12-2003

நாகஜோதி டீச்சரம்மாவுக்கு,

கும்பிடுதேன்.

முதல் கணக்கு: மகனுக்குப் பத்து, அப்பனுக்கு நாற்பது. மனசுக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது. இதற்கு x எதற்கு? அது சரி, எந்த மனுசனாவது தன் வயதைக் கேட்டால் 'என் மகனைப் போல நாலு மடங்கு' என்று சொல்வானா? நம் அப்பாவிடம் யாராவது கேட்டுப் பார்க்கட்டும், செருப்பால் அடிப்பார்.

ரெண்டாவது கணக்கு: 1.2 x 80 x 50. பெருக்கினால் 4800 வந்தது. ஆகவே 4800 லிட்டர். வழிமுறை இவ்வளவுதான். டீ இடைவேளையில் ஒரு பனியன் அட்டைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். ராத்திரி, நான் குடியிருக்கிற லைன் வீட்டுக்கார அம்மா முத்தாத்தாளிடம் அதைக் காட்டினேன். "பெருக்கல் சரியாத்தான் இருக்குது கண்ணு" என்றார்கள்.

சரியா என்று உடனே எழுது.

விஜயராணி

*

கழுகுமலை
15-12-2003

அக்கா,

4800 லிட்டரா? நம் தெருவே ஒரு வாரம் குளிக்கலாம். 1.2 மீட்டரை 80 சென்டிமீட்டரோடு எப்படிப் பெருக்குவாய்? அலகை மாற்று, அலகை மாற்று என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே! 120 x 80 x 50 = 4,80,000 கன செ.மீ. ஆயிரத்தால் வகுத்தால் 480 லிட்டர்.

வயதுக் கணக்கில் விடை சரி. ஆனால் மனசுக்குள் போட்டதைத் திருத்துகிறவர் எப்படிப் பார்ப்பார்? மகன் வயது x. தந்தை 4x. ஐந்து வருடம் கழித்து 4x + 5 = 3(x + 5). இதை எழுதினால்தான் மார்க். அஞ்சு மார்க் கணக்கில் விடைக்கு ஒன்றுதான், மீதியெல்லாம் வழிக்கு. உனக்கு முப்பத்தைந்து வேண்டுமா வேண்டாமா?

உனக்காகவே ஒரு கணக்கு உண்டாக்கியிருக்கிறேன். இதிலாவது தப்பு வராது. பனியன் துணி ஒன்றின் அகலம் 80 செ.மீ, நீளம் 25 மீ. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் எனில், அந்தத் துணியின் எடையைக் கிலோகிராமில் காண்க.

நாகஜோதி

*

அருள்புரம்
28-12-2003

அன்புள்ள நாகஜோதிக்கு,

இதுதான் கணக்கு! இப்படிக் கேள், நாள் முழுக்கப் போடுவேன்.

80 செ.மீ = 0.8 மீ. (மாற்றிவிட்டேன், பார்த்துக்கொள்.) 0.8 x 25 = 20. இரண்டு பக்கத்துக்கு 40 சதுர மீட்டர். 40 x 180 = 7200 கிராம். ஆகவே 7.2 கிலோ.

அஞ்சுக்கு அஞ்சு போட்டு அனுப்பு. ரெண்டு வருசமாகப் பிடிபடாதது இன்றைக்குத்தான் பிடிபட்ட மாதிரி இருக்கிறது. சந்தோசத்தில் முத்தாத்தாளுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

விஜயராணி

*

கழுகுமலை
5-1-2004

அக்கா,

தப்பு. விடை 3.6 கிலோ. எங்கிருந்து வந்தது 'இரண்டு பக்கம்'? துணிக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. பெருக்கினால் பரப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும். நாலு வருசமாகத் துணிக்குள்ளேயே கிடக்கிறாய், ஒரு துணியின் எடையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே!

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சாயந்திரம் போகிறது. எனக்கும் மார்ச்சில் பரீட்சை. நான் செண்டம் எடுத்தால் பள்ளிக்கூட போர்டில் பெயர் எழுதுவார்கள், இதுவரை யாரும் எடுத்ததில்லை. உனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது என்றால் முதலிலேயே சொல்லிவிடு.

நாகஜோதி

*

அருள்புரம்
13-1-2004

நாகஜோதிக்கு,

கடிதம் கிடைத்தது. செக்கிங் டேபிளில் நின்றபடியே படித்தேன். என் மண்டையைப் பற்றி நீ எழுதியதை ஒரு தடவை படித்தது போதவில்லை என்று திரும்பவும் படித்தேன்.

ஏட்டி, பனியன் துணியை நீ பார்த்திருக்கிறாயா? அது சேலை மாதிரி விரிந்து வருவதில்லை. மிஷினில் வட்டமாக ஓடி, டியூபாக வரும், தலையணை உறை மாதிரி. அதைத் தட்டையாகப் போட்டுத்தான் அகலம் அளப்போம். மேலே ஒரு பக்கம், அடியில் ஒரு பக்கம். எண்பது என்றால் உண்மையில் நூற்றறுபது. இங்கே அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். 'பனியன் துணி' என்று நீதான் எழுதினாய். நான் துணியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். நீ துணியைப் பார்க்காமலே கணக்கை உண்டாக்கினாய். தப்பு எனக்கா?

நம்பமாட்டாய் என்று கட்டிங்கில் விழுந்த டியூபில் ஒரு துண்டை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கையை உள்ளே விட்டுப் பார். ரெண்டு பக்கம் இருக்கிறதா என்று எண்ணு.

நான் பத்தாவதில் கோட்டைவிட்ட வருசம் திரும்பப் பள்ளிக்கூடத்தில் உட்காராமல் பஸ் ஏறினது எதற்கு என்று நீ அப்பாவிடம் கேட்டுக்கொள். உன் சாயந்திரத்தை நான் இனி எடுக்கமாட்டேன். கடிதம் போட வேண்டாம்.

விஜயராணி

*

கழுகுமலை
20-1-2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போட வேண்டாம் என்றாலும் போடுவேன். நான் எழுதியது தப்புதான். அம்மா படித்துவிட்டு, "அவ கால்வலியோட நின்னு அனுப்புறதுல தின்னுட்டு அவளையே பேசுதியா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கிறது. உனக்குச் சந்தோசமா?

டியூபைப் பார்த்தேன். கையை விட்டேன். ரெண்டு பக்கம் இருக்கிறது. நான் பனியன் துணி பாவாடைத்துணி மாதிரித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அந்தத் துண்டை அடியில் தைத்து, பேனா வைக்கிற பையாக்கிவிட்டேன். பென்சில் டப்பா உடைந்து ரொம்ப நாளாகிறது.

ஆனால் அக்கா, கோபப்படாமல் கேள். உங்கள் கம்பெனியில் ரெண்டு பக்கம் உண்டு, பரீட்சையில் கிடையாது. பரீட்சைத்தாளைத் திருத்துகிறவர் அருள்புரம் வந்து பார்க்கமாட்டார். கேள்வியில் சொல்லாதது இல்லை. துணி என்றால் வெறும் செவ்வகம். தொட்டி என்றால் வெறும் கனசெவ்வகம், அதில் பாசி கிடையாது, ஓட்டை கிடையாது. அப்பன் என்றால் வெறும் 4x, அவர் செருப்பால் அடிக்கமாட்டார். 'சொல்லாதது இல்லை' என்று ஒரு அட்டையில் எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு. இது ஒன்று மட்டும் உனக்குப் பிடிபட்டால் நீ பாஸ். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒரு கணக்கு. செவ்வக விரிப்பு ஒன்றின் நீளம் அதன் அகலத்தைவிட 2 மீ அதிகம். சுற்றளவு 1600 செ.மீ எனில், பரப்பைச் சதுர மீட்டரில் காண்க.

போடு அக்கா. எனக்காகப் போடு.

நாகஜோதி

*

அருள்புரம்
15-2-2004

நாகஜோதிக்கு,

1600 செ.மீ = 16 மீ.
அகலம் x என்க. நீளம் x + 2.
2(x + x + 2) = 16
4x + 4 = 16
x = 3
அகலம் 3 மீ, நீளம் 5 மீ. பரப்பு 15 சதுர மீட்டர்.

விரிப்பு மடித்திருக்கிறதா, கரை தைத்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சொல்லாதது இல்லை. போதுமா?

உன் பேரில் இன்னும் வருத்தம்தான். அடுத்த கணக்கை அனுப்பு.

விஜயராணி

*

அருள்புரம்
4-4-2004

அன்புள்ள நாகஜோதிக்கு,

பரீட்சை முடிந்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஷிப்மெண்ட் நேரம் என்று உயிரை எடுக்கிறார்கள், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. நாம் ரெண்டு பேரும் ஒரே காலையில் ஒரே கேள்வித்தாளைப் பார்த்திருக்கிறோம். நீ அங்கே, நான் பல்லடத்தில்.

அந்தக் கணக்கு வந்ததே, பார்த்தாயா? 'செவ்வக வடிவப் பின்னலாடைத் துணி ஒன்றின் நீளம் அதன் அகலத்தைப் போல் 40 மடங்கு. அதன் சுற்றளவு 61.5 மீ. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 200 கிராம் எனில், துணியின் எடையைக் கிலோகிராமில் காண்க.' கேள்வி போட்டவன் எங்கள் கம்பெனிக்கு வந்துபோனவனா என்று நினைத்தேன்.

அகலம் x, நீளம் 40x. 82x = 61.5. x = 0.75 மீ. நீளம் 30 மீ. பரப்பு 22.5. இதுவரை ஒழுங்காக வந்துவிட்டேன். அப்புறம் பார், கை தானாக 'இரண்டு பக்கத்துக்கு' என்று எழுதப் போனது. 'இர' என்று எழுதியும்விட்டேன். உன் முகம் முன்னால் வந்து நின்றது. சொல்லாதது இல்லை, சொல்லாதது இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு, அதை அடித்துவிட்டு 4.5 கிலோ என்று எழுதினேன். எழுதும்போதே மனசு ஒப்பவில்லை. பச்சைப் பொய்யை எழுதுகிற மாதிரி இருந்தது.

4.5 சரியா? மற்றதெல்லாம் கூட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து பக்கத்தில் ஊசலாடுகிறது. இந்த அஞ்சு மார்க் வந்தால்தான் கரையேறுவேன். உடனே பதில் போடு.

உன் அக்கா,
விஜயராணி

*

அருள்புரம்
22-4-2004

ஏட்டி நாகஜோதி,

என்ன ஆச்சு உனக்கு? பதிலே காணோம். லீவுதானே, பேனா பிடிக்கக் கையில் சுளுக்கா? 4.5 தப்பு என்றால் தப்பு என்று எழுதித் தொலை. ஒவ்வொரு நாளும் போஸ்ட்மேனைப் பார்த்துப் பார்த்து, அந்த மனுசன் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். முத்தாத்தாள் வேறு, "லெட்டரு வந்துதுங்களா கண்ணு?" என்று தினமும் கேட்கிறார்கள்.

ஒரு கார்டில் ஒரு வரி எழுது. அதுகூட முடியாதா?

விஜயராணி

*

கழுகுமலை
29-4-2004

அக்கா,

4.5 கிலோ சரி. நீ பாஸ் ஆகிவிடுவாய்.

என்னைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

நாகஜோதி

*

அருள்புரம்
6-6-2004

அன்புள்ள நாகஜோதிக்கு,

முப்பத்தெட்டு! நெட் சென்டரில் பேப்பரில் எடுத்துக் கொடுத்தான். அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். குமாரவேல் சார் வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்களே!" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு புது டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் இன்ச், ஒரு பக்கம் சென்டிமீட்டர். நான் அழுதேன், வெட்கமே படவில்லை. அந்த அஞ்சு மார்க் இல்லாவிட்டால் முப்பத்துமூன்றில் நின்றிருப்பேன். நீ போட்ட பிச்சை இது.

நம் தெருக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிட்டபோது அவர் உன் மார்க்கைச் சொன்னார். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், கணக்கில் தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்தா? எங்கே போனது அஞ்சு? உன்னைக் கேட்டால் வாயைத் திறக்காமல் படுத்திருக்கிறாயாம். மறுகூட்டல் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாராம், வேண்டாம் என்று கத்தினாயாம். ஒழுங்காக என்ன நடந்தது என்று எழுது. நான் டேப் வாங்கின சந்தோசத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

உன் அக்கா,
விஜயராணி

*

கழுகுமலை
14-6-2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் டேப்புக்காக அம்மா கோயிலில் விளக்குப் போட்டாள். நானும் கூடப் போனேன். எனக்கு உன் பேரில் கோபம் ஒன்றும் இல்லை. என் பேரில்தான்.

எல்லாக் கணக்கும் முடித்துவிட்டு அந்தத் துணிக் கணக்கைக் கடைசியாக எடுத்தேன். நேரம் நிறைய இருந்தது. பேனா மை தீர்ந்துவிட்டது என்று வேறு பேனா எடுக்க உன் டியூபுக்குள் கையை விட்டேன். மேஜை மேல் என் முன்னாலேயே கிடந்தது அது. மேலே ஒரு பக்கம், அடியில் ஒரு பக்கம். அக்காவுக்கும் இந்தக் கணக்கு வந்திருக்கும், இப்போது பல்லடத்தில் என்ன எழுதுகிறாளோ என்று நினைத்தேன். அக்கா சரியாக எழுத வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். நினைத்துக்கொண்டே எழுதினேன். வழிமுறையெல்லாம் அழகாக எழுதி, 'இரண்டு பக்கங்களின் பரப்பு 45 ச.மீ' என்று எழுதி, 9 கிலோகிராம் என்று போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதுதான் உறைத்தது. உனக்கு அத்தனை தடவை எழுதினேனே, சொல்லாதது இல்லை என்று! வழிக்கென்று மார்க் கொடுத்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அதுவும் இல்லை. அஞ்சும் போச்சு. போர்டில் பெயர் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வேன், சொன்னால் சிரிக்கமாட்டார்களா? நீயும் சிரிக்காதே.

நாகஜோதி

*

அருள்புரம்
20-6-2004

என் கண்ணே நாகஜோதி,

நான் சிரிக்கவில்லை. லைன் வீட்டு வாசலில் நின்று படித்துவிட்டு ஓவென்று அழுதேன். முத்தாத்தாள் பதறி ஓடிவந்து, "ஏங்கண்ணு, ஊர்ல ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?" என்றார்கள். "தங்கச்சி கணக்குல தொண்ணூத்தஞ்சு எடுத்துட்டா" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். இப்போது நான் குவாலிட்டி இல்லையா, துணி ஸ்டோருக்குள் போனால் என்னை யாரும் எதற்கு என்று கேட்கமுடியாது. சதுர மீட்டருக்கு இருநூறு கிராம் துணி ஒரு ரோல் இறங்கியிருந்தது. தட்டையாகப் போட்டு என் டேப்பை வைத்தேன், எழுபத்தைந்து சென்டிமீட்டர். ஸ்டோர்க்காரரிடம் முப்பது மீட்டர் அளந்து தரச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றார். "செக் பண்ணணும்" என்று அதட்டினேன். தூக்கி எடை மெஷினில் வைத்தேன்.

ஒன்பது கிலோ நாகஜோதி. ஒன்பதேதான்.

நாலரை என்று எழுதிய நான் இங்கே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். சரியாக எழுதிய நீ அங்கே குப்புறப் படுத்துக் கிடக்கிறாய். உன் தாளைத் திருத்தின மனுசனை அந்த மெஷின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர் எந்த ஊரோ, என்ன பெயரோ. நான் யாரைப் போய்த் திட்ட?

எழுந்து சாப்பிடு.

உன் அக்கா,
விஜயராணி